ஆர்.வி.யை எந்த மாநிலத்தில் பதிவது? நம்பர் பிளேட் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

அமெரிக்காவில் ஒரு ஆர்.வி., அதாவது உள்ளேயே தங்கி வாழக்கூடிய வீட்டு வண்டி, வாங்கலாம் என்று கிளம்பியபோது இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கேட்ட முதல் கேள்வியிலேயே நாங்கள் திணறிப்போனோம். என்ன மாடல், எத்தனை அடி, யார் யார் ஓட்டுவீர்கள் என்பதெல்லாம் அப்புறம்தான் வந்தது. "வருஷத்தில் அதிக ராத்திரி இந்த வண்டி எங்கே நிற்கும்?" என்று கேட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் பதில் தெரியவில்லை. அதுவரை மூன்று வாரமாக எக்செல் ஷீட்டில் மாநிலம் மாநிலமாகப் பதிவுக் கட்டணத்தை மட்டும் அடுக்கிவைத்து, எது குறைவு என்று தேடிக்கொண்டிருந்தோம். அந்த ஷீட்டை அன்றைக்கே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். நான் இங்கே எழுதுவது அந்த இரண்டாவது ஷீட்டைப் பற்றி.

எங்கள் நிலைமை இதுதான். கலிஃபோர்னியாவில் 20 வருடத்துக்கு மேல் இருக்கிறோம், பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள், வீட்டை விற்றுவிட்டு மோட்டார் ஹோமிலேயே (தானாக ஓடும் வகை ஆர்.வி.) சில வருடம் ஊர் சுற்றுவது என்று முடிவு. இப்படி முழுநேரமும் வண்டியிலேயே வாழ்பவர்களுக்குத்தான் "எந்த மாநிலம்" என்ற கேள்வியே எழுகிறது. ஒரு வீடு இருந்து, லீவுக்கு மட்டும் யோசெமிட்டி, யெல்லோஸ்டோன் என்று போய்வருகிறவர் என்றால் தேர்வு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, குடியிருக்கும் மாநிலத்தில்தான் பதிய வேண்டும், அங்கே என்ன வரியோ அதைக் கட்ட வேண்டும். கலிஃபோர்னியா என்றால் விற்பனை வரி குறைந்தபட்சம் 7.25 சதவீதம், உள்ளூர் வரி சேர்ந்தால் பல ஊர்களில் 9, 10 என்று போகும். நியூ ஜெர்சி என்றால் 6.625. வர்ஜீனியாவில் வாங்கும்போது 4.15 சதவீதம்தான், ஆனால் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியாது, கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) வருடாவருடம் வண்டியின் மதிப்பில் சொத்து வரி போடும்.

இந்த இடத்தில்தான் யாராவது ஒருவர் "மொன்டானாவில் ஒரு எல்எல்சி (சின்ன தனியார் கம்பெனி) ஆரம்பித்து அதன் பேரில் வாங்கிவிடு, ஒரு காசு வரி கிடையாது" என்பார். எங்களுக்கும் இரண்டு நண்பர்கள் சொன்னார்கள், நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். மொன்டானாவில் விற்பனை வரி இல்லை என்பது உண்மை, 11 வருடம் தாண்டிய வண்டிக்கு நிரந்தரப் பதிவு உண்டு என்பதும் உண்மை. ஆனால் வண்டியின் சொந்தக்காரர் அந்த எல்எல்சி, நீங்கள் இல்லை. கடன் கொடுக்கும் வங்கி அங்கேயே தயங்கும். இன்ஷூரன்ஸ் நிறுவனம் கம்பெனி வண்டி என்றால் வேறு வகை பாலிசி கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கலிஃபோர்னியாவில் குடியிருந்துகொண்டு, வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திக்கொண்டு, இன்ஷூரன்ஸ் படிவத்தில் மொன்டானா முகவரியை எழுதினால் அது பொய். கலிஃபோர்னியாவில் வெளிமாநில நம்பர் பிளேட்டைப் பார்த்தால் புகார் கொடுக்க நெடுஞ்சாலை போலீஸே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. பிடிபட்டால் வரியோடு அபராதமும் வட்டியும் சேரும். அதைவிட எனக்குப் பெரிய பயம், விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ்காரர் முகவரியைத் தோண்டுவதுதான். பத்தாயிரம் டாலர் வரியை மிச்சம் பிடிக்கப்போய், ஒரு லட்சம் டாலர் வண்டிக்கும் அதில் போகும் நம் உயிருக்கும் இருக்கிற பாதுகாப்பைக் கேள்விக்குறியாக்குவது எந்தக் கணக்கிலும் சரிவராது. இதை யோசித்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சரி, முழுநேரக்காரர்களின் கணக்குக்கு வருகிறேன். அமெரிக்காவில் இப்படி வாழ்பவர்கள் பெரும்பாலும் மூன்று மாநிலங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள், தெற்கு டகோட்டா, டெக்சாஸ், ஃப்ளோரிடா. மூன்றிலும் தனிநபருக்கு மாநில வருமான வரி கிடையாது, மூன்றிலும் தபாலை வாங்கி நாம் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவைக்கும் சேவைகள் நன்றாக வேரூன்றியிருக்கின்றன. டெக்சாஸில் லிவிங்ஸ்டன் என்ற சின்ன ஊரில் எஸ்கேப்பீஸ் என்ற ஆர்.வி. சங்கம் இருக்கிறது, 1978-ல் ஆரம்பித்தது, அவர்களுடைய தபால் சேவையை நம்பியே அந்த ஊரை முகவரியாக வைத்திருப்பவர்கள் ஏராளம்.

கணக்குக்கு 1,20,000 டாலரில் புதிதாக ஒரு கிளாஸ் சி (வேன் அடிச்சட்டத்தில் கட்டிய நடுத்தர வகை) மோட்டார் ஹோம் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதில் வண்டி சுமக்கலாம் என்று அனுமதித்த மொத்த எடை இருக்கும். ஃபோர்டு ஈ-450 அடிச்சட்டத்தில் கட்டிய வண்டியில் அது 14,500 பவுண்டு. அந்த ஸ்டிக்கரை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பதிவு அலுவலகத்திலும் கேட்பார்கள், இன்ஷூரன்ஸிலும் கேட்பார்கள்.

வாங்கும்போது தெற்கு டகோட்டாவில் 4 சதவீதம், அதாவது 4,800 டாலர். டெக்சாஸில் 6.25 சதவீதம், 7,500. ஃப்ளோரிடாவில் 6 சதவீதம், 7,200, அதோடு கவுன்டி கூடுதல் வரி, ஆனால் அது விலையில் முதல் 5,000 டாலருக்கு மட்டும்தான் என்பதால் 1 சதவீத கவுன்டியில் வெறும் 50 டாலர். ஃப்ளோரிடாவில் முதல்முறை பிளேட் எடுப்பவர்களுக்கு 225 டாலர் தனியாக உண்டு. கலிஃபோர்னியாவில் 9 சதவீத ஊர் என்று வைத்தால் 10,800.

வருடாந்திரக் கட்டணம் இந்த மூன்றிலும் பெரிய விஷயமே இல்லை. டெக்சாஸில் 10,001 முதல் 18,000 பவுண்டு வரை அடிப்படைக் கட்டணம் 110 டாலர், அதற்கு மேல் சில்லறைக் கட்டணங்கள். 2025 ஜனவரி 1 முதல் அங்கே சொந்த வண்டிகளுக்கு வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையை எடுத்துவிட்டார்கள், அதற்குப் பதில் 7.50 டாலர் மட்டும் வாங்குகிறார்கள். பெரிய நகரங்களைச் சுற்றிய சில கவுன்டிகளில் புகைச் சோதனை மட்டும் தொடர்கிறது. தெற்கு டகோட்டாவில் எடையையும் வண்டியின் வயதையும் வைத்துக் கட்டணம், 10 வருடம் ஆகிவிட்டால் குறைந்துவிடும், சோதனை எதுவும் கிடையாது. ஃப்ளோரிடாவிலும் சோதனை கிடையாது.

கலிஃபோர்னியாவில் மட்டும் இந்த இடம் வலிக்கும். வண்டி மதிப்பில் 0.65 சதவீதம் உரிமக் கட்டணம், முதல் வருடம் 780 டாலர். வருடத்துக்குப் பத்து சதவீதப் புள்ளி வீதம் மதிப்பைக் குறைத்துக்கொண்டு போனாலும் ஐந்து வருடத்தில் 3,120 ஆகிவிடும், மற்ற கட்டணங்கள் வேறு.

எங்களை உண்மையிலேயே ஆச்சரியப்படுத்தியது நியூ ஹாம்ஷயர். விற்பனை வரியே இல்லாத மாநிலம், பட்டியலில் முதல் இடத்தில் வைத்திருந்தோம். ஆனால் அங்கே ஊராட்சி ஒவ்வொரு வருடமும் வண்டியின் பட்டியல் விலையில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறது, புது மாடலுக்கு 18 டாலர், அடுத்த வருடம் 15, பிறகு 12, 9, 6. ஐந்து வருடத்தையும் கூட்டினால் ஆயிரத்துக்கு 60. நம் வண்டிக்குப் போட்டுப் பாருங்கள், 7,200 டாலர். ஃப்ளோரிடாவின் 6 சதவீதமும் அதே 7,200. ஒருவர் முதல் நாளே மொத்தமாக வாங்குகிறார், இன்னொருவர் ஐந்து தவணையில் வாங்குகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். அரிசோனாவும் இப்படித்தான்: பட்டியல் விலையில் 60 சதவீதத்தை மதிப்பாக எடுத்து, நூறு டாலருக்கு 2.80 வீதம் முதல் வருடம் சுமார் 2,000, பிறகு வருடத்துக்கு 16.25 சதவீதம் மதிப்பைக் குறைத்து 2.89 வீதம் கணக்குப் போட்டால் ஐந்து வருடத்தில் 7,500-ஐ நெருங்கும், அதுவும் விற்பனை வரி கட்டிய பிறகு. ஒரேகானில் விற்பனை வரி இல்லை, ஆர்.வி.க்கு நீளத்தை வைத்துத்தான் பதிவுக் கட்டணம், ஆனால் அங்கே உண்மையாகக் குடியிருக்க வேண்டும், குடியிருந்தால் வருமான வரியின் உச்சப் படி 9.9 சதவீதம். வருமானம் இருப்பவர்களுக்கு வண்டி வரியில் கிடைத்த லாபம் அதில் கரைந்துவிடும்.

ஆக, எத்தனை வருடம் அந்த வண்டியை வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அத்தனை வருடத்துக்கும் கூட்டிப் பாருங்கள். இரண்டே வருடத்தில் விற்றுவிடப் போகிறவருக்கு நியூ ஹாம்ஷயர் வேறு, பத்து வருடம் ஓட்டப்போகிறவருக்கு வேறு.

ஏற்கெனவே வண்டி கையில் இருந்தால் கணக்கு மாறும், இதைப் பலர் கவனிப்பதில்லை. வேறு மாநிலத்தில் உங்கள் பேரில் பதிந்து ஓட்டிய வண்டியோடு டெக்சாஸுக்குப் புதிதாகக் குடிபோனால் வரி சதவீதத்தில் இல்லை, ஒரே தொகை 90 டாலர். ஃப்ளோரிடாவில் ஆறு மாதத்துக்கு மேல் வெளிமாநிலத்தில் சொந்தமாக வைத்துப் பயன்படுத்திய வண்டி என்றால் வரி கேட்பதில்லை. தெற்கு டகோட்டாவில் ஏற்கெனவே 4 சதவீதமோ அதற்கு மேலோ கட்டிய ரசீது இருந்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள், வரியே இல்லாத ஒரேகான் போன்ற இடத்திலிருந்து வந்தால் கட்டியாக வேண்டியிருக்கும். எனவே பழைய கட்டண ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

புதிதாக வாங்குபவர்களுக்கு வரிசை முக்கியம். முதலில் குடியிருப்பை மாற்றிக்கொள்ளுங்கள், அப்புறம் வண்டியை வாங்குங்கள். கலிஃபோர்னியாவில் டீலர் வாசலில் சாவியை வாங்கினால், பதிவு எங்கே என்றாலும் பெரும்பாலும் கலிஃபோர்னியா வரிதான். கலிஃபோர்னியாக்காரர் வெளியே வாங்கி 12 மாதத்துக்குள் உள்ளே கொண்டுவந்தாலும் வரி கேட்டு வருவார்கள்.

இனி இன்ஷூரன்ஸ். என் கணிப்பில் இதுதான் பதிவைவிடப் பெரிய செலவு, ஏனென்றால் இது ஒவ்வொரு வருடமும் வருகிறது, ஏறிக்கொண்டே வேறு போகிறது.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். டிரெயிலரும் ஃபிஃப்த் வீலும் (பிக்கப்பின் பின்தட்டில் மாட்டி இழுக்கும் பெரிய டிரெயிலர்) தாங்களாக ஓடுவதில்லை, சாலையில் மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்கு இழுத்துச் செல்லும் பிக்கப்பின் பாலிசிதான் பொறுப்பு. அதனால் டிரெயிலருக்குத் தனியாக எடுப்பது அதன் சொந்தச் சேதத்துக்கும் உள்ளே இருக்கும் பொருட்களுக்கும்தான், விலையும் குறைவு. மோட்டார் ஹோமுக்கு அப்படி இல்லை, அதுவே ஓடும் வண்டி, கார் மாதிரி முழு பாலிசி வேண்டும்.

மாநிலம் மாறினால் பிரீமியம் ஏன் மாறுகிறது என்றால் சட்டம் ஒரு காரணம். கட்டாயக் குறைந்தபட்சக் காப்பீடு தெற்கு டகோட்டாவில் ஆயிரம் டாலர் கணக்கில் 25/50/25, டெக்சாஸில் 30/60/25. கலிஃபோர்னியாவில் பல ஆண்டுகளாக 15/30/5 என்று இருந்ததை 2025 ஜனவரியில்தான் 30/60/15 ஆக்கினார்கள். முதல் எண் அடிபட்ட ஒருவருக்கு, இரண்டாவது அந்த விபத்தில் அடிபட்ட எல்லோருக்கும் சேர்த்து, மூன்றாவது பிறர் சொத்துக்கு. ஃப்ளோரிடாவில் யார் தவறு என்று பார்க்காமல் நம் மருத்துவச் செலவை நம் பாலிசியே கொடுக்கும் முறை, அதற்கு 10,000, பிறர் சொத்துச் சேதத்துக்கு 10,000 கட்டாயம். நியூ ஹாம்ஷயரில் சாதாரணமாக இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டமே இல்லை. ஆனால் இந்தக் குறைந்தபட்சங்களை வைத்து மாநிலங்களை ஒப்பிடாதீர்கள். 14,500 பவுண்டு வண்டி பிரேக் பிடிக்காமல் முன்னால் நிற்கும் காரில் இடித்தால் 10,000 டாலரில் என்ன ஆகும்? எல்லா மாநிலத்துக்கும் ஒரே அளவு, நாங்கள் கேட்டது 250/500/100, ஒரே கழிவுத் தொகை (சேதத்தில் நாம் முதலில் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு), ஒரே ஓட்டுநர்கள் என்று வைத்து எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். அப்படி வாங்கியபோதுதான் எங்களுக்கு உண்மை நிலவரம் தெரிந்தது, மூன்றில் ஃப்ளோரிடா தெளிவாக அதிகம், டெக்சாஸ் நடுவில், தெற்கு டகோட்டா குறைவு. புயல் ஒரு காரணம், வழக்குகள் ஒரு காரணம். டெக்சாஸிலும் தெற்கு டகோட்டாவிலும் ஆலங்கட்டி மழை உண்டு, கூரையையும் ஏசி மூடியையும் பதம் பார்த்துவிடும், அதனால் அங்கே சொந்தச் சேதப் பகுதி சும்மா கிடைத்துவிடாது.

இன்னொன்று, கலிஃபோர்னியாவில் கிரெடிட் ஸ்கோரை வைத்து வாகன பிரீமியம் போடக் கூடாது. 1988-ல் மக்கள் ஓட்டுப்போட்டுக் கொண்டுவந்த 103-ம் முன்மொழிவுப்படி ஓட்டிய வரலாறு, மைல் கணக்கு, ஓட்டுநர் அனுபவம் இவைதான் முதலில். மற்ற பெரும்பாலான மாநிலங்களுக்குப் போகும்போது கிரெடிட் ஸ்கோரும் கணக்கில் வந்துவிடும். நல்ல ஸ்கோர் வைத்திருப்பவருக்கு இது லாபம், இந்தியாவிலிருந்து வந்து கொஞ்ச நாளே ஆனவருக்கு, கிரெடிட் வரலாறு மெல்லியதாக இருப்பவருக்கு நஷ்டம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, பாலிசி முழுநேரக்காரருக்கானதா என்பது. சாதாரண ஆர்.வி. பாலிசி விடுமுறைக்குப் போய்வருபவரை மனதில் வைத்து எழுதியது, வீட்டுக் காப்பீடு தனியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதியது. வீடே இல்லாமல் வண்டியில் வாழ்பவருக்கு, வீட்டுக் காப்பீடு கொடுக்கும் பொறுப்புக் காப்பீட்டையும் இந்த பாலிசியே கொடுக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பதி, அண்ணனுக்கு 66 வயது, அக்காவுக்கு 62, ஒரு முகாமில் மாதக்கணக்கில் தங்கியிருந்தார்கள். பக்கத்து வண்டிக்காரரின் அம்மாவைக் காபிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மடித்து இழுக்கும் இரும்புப் படி, காலையில் பனி ஈரம், அந்த அம்மா இறங்கும்போது சறுக்கி மணிக்கட்டு உடைந்துவிட்டது. இவர்கள் பாலிசியை எடுத்துப் பார்த்தால் விடுமுறைப் பயன்பாடு என்று இருக்கிறது. "முழுநேரமும் இதில்தான் வாழ்கிறீர்கள் என்று எங்களிடம் சொல்லவே இல்லையே" என்று நிறுவனம் கையை விரித்துவிட்டது. வருடத்துக்கு ஒரு முன்னூறு நானூறு டாலர் மிச்சம் என்று எடுத்த பாலிசி. மருத்துவமனைப் பணத்தை அண்ணன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அக்கா இதைச் சொல்லும்போது இன்னமும் அந்த அம்மாவின் கையைப் பற்றித்தான் வருத்தப்படுகிறார், பணத்தைப் பற்றி இல்லை.

எனவே முழுநேரம் என்றால் முழுநேரம் என்று சொல்லி வாங்குங்கள். எத்தனை நாளுக்கு மேல் இருந்தால் முழுநேரம் என்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு கணக்கு வைத்திருக்கும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மொத்தமாக அழிந்தால் அன்றைய சந்தை மதிப்பா, முன்பே ஒத்துக்கொண்ட தொகையா, புது வண்டியா என்பதையும் கேளுங்கள். ஆர்.வி.யின் மதிப்பு முதல் சில வருடத்தில் வேகமாக இறங்கும், கடன் அந்த வேகத்தில் இறங்காது. கனடாவுக்குப் போனால் பெரும்பாலான அமெரிக்க பாலிசிகள் செல்லும், மெக்சிகோவுக்கு அங்கே செல்லும் பாலிசி தனியாக எடுக்க வேண்டும்.

பதிவும் இன்ஷூரன்ஸும் அல்லாத இரண்டு மூன்று விஷயங்கள் இந்த முடிவைத் திருப்பிப்போடலாம். 65 வயதுக்குக் கீழே இருந்து மருத்துவக் காப்பீட்டைச் சந்தையில் வாங்குபவர்கள் அதை முதலில் பாருங்கள், ஏனென்றால் திட்டங்கள் கவுன்டி வாரியாக மாறுகின்றன, பல இடங்களில் அந்த வட்டார மருத்துவமனைகளோடு நின்றுவிடும். ஃப்ளோரிடாவைப் பலர் தேர்ந்தெடுப்பதே இதற்காகத்தான். வண்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பதை மருத்துவக் காப்பீட்டில் மீட்டுவிடலாம் என்ற கணக்கு. ஓட்டுநர் உரிமம் இன்னொன்று. 26,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள மோட்டார் ஹோம் என்றால் டெக்சாஸில் வணிகம் சாராத கிளாஸ் பி உரிமம் எடுக்க வேண்டும், தெற்கு டகோட்டாவிலும் ஃப்ளோரிடாவிலும் சாதாரண உரிமம் போதும்.

நம் ஆட்களுக்காக ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு வேலை செய்யும் இடமே மனுவில் எழுதப்பட்டிருக்கும், வண்டியிலிருந்தே வேலை என்று கிளம்பும் முன் வழக்கறிஞரைக் கேளுங்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் முகவரி மாறிய 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மாநிலத்தை மாற்றும் பரபரப்பில் இதை மறந்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வாக்குரிமையும் யோசிக்க வேண்டியது: தெற்கு டகோட்டாவில் ஓட்டுநர் உரிம அட்டைக்கு ஒரு ராத்திரி தங்கிய ரசீது போதும், ஆனால் வாக்காளராகப் பதிய 30 நாள் வசித்திருக்க வேண்டும் என்று 2023-ல் சட்டம் கொண்டுவந்தார்கள்.

எங்கள் முடிவு தெற்கு டகோட்டா. புது வண்டி, 4 சதவீதம், குறைந்த பிரீமியம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உரிமம் புதுப்பிக்கப் போனால் போதும். என் வீட்டுக்காரருக்கு மெடிகேர் (65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வந்துவிட்டது, எனக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, அந்த இரண்டு வருடத்துக்குப் பழைய அலுவலகத்தின் திட்டத்தையே ஓய்வுபெற்றவராகத் தொடர முடிகிறது. அது இல்லையென்றால் ஃப்ளோரிடாதான் என்று நான் அடம்பிடித்திருப்பேன். ஏற்கெனவே டிரெயிலர் வைத்திருக்கும் என் தங்கை குடும்பத்துக்கு டெக்சாஸைத்தான் சொன்னேன், 90 டாலரோடு முடிந்துவிடும், பேரப்பிள்ளைகளும் டாலஸில் இருக்கிறார்கள்.

அந்த ஏஜென்ட்டுக்கு மறுபடி போன் செய்தபோது இந்தத் தடவை பதில் தயாராக இருந்தது. நிரந்தரமாக எங்கும் நிற்காது, முகவரி தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ், குளிர்காலம் நான்கு மாதம் அரிசோனா, கோடை முழுக்க வடக்கே, கலிஃபோர்னியாவுக்குப் பிள்ளைகளைப் பார்க்க வருடத்துக்கு மூன்று வாரம். அவர் ஒவ்வொன்றாக டைப் செய்துகொண்டார், முழுநேரம் என்ற கட்டத்தை டிக் செய்துவிட்டு, பாலிசியின் முதல் பக்கத்தை அனுப்பினார். அதில் "முழுநேரக் குடியிருப்பு" என்ற வரி இருக்கிறதா என்று முதலில் தேடினேன், இருந்தது. அச்செடுத்து, சூ ஃபால்ஸ் முகாமில் ஒரு ராத்திரி தங்கப்போகும் ரசீதுக்காக ஒதுக்கி வைத்திருக்கும் அதே ஃபைலில் போட்டிருக்கிறேன்.